சீபாப் மெஷின்ட தண்ணி டாங்க்கை எப்பிடிக் கழுவி வைக்கிறது (திருகோணமலைத் தண்ணியோட)

அம்மாவுக்கு சீபாப் மெஷின், அதாவது நித்திரையில மூச்சு தடைப்படுற ஆக்களுக்கு ராவுல மாஸ்க்கால காத்துத் தள்ளுற மெஷின், வந்து நாலு வருஷமாகுது. கனடாவுல இருக்கிற அண்ணா வாங்கி அனுப்பினது. முதல் ஆறு மாசம் அந்தத் தண்ணி டாங்க்கை நாங்க கவனிச்சதே இல்ல, படுக்கப் போகக்க தண்ணி குறைஞ்சிருந்தா மேல கொஞ்சம் ஊத்தி விடுறது, அவ்வளவுதான். ஒருநாள் விடிய அம்மா மாஸ்க்கைக் கழட்டிட்டு "தம்பி, இந்தக் காத்து பாசி புடிச்ச கிணத்தடி மாதிரி மணக்குது" எண்டு சொன்னா. டாங்க்கைக் கழட்டி ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தன். அடித்தட்டு முழுக்க வெள்ளைப் படை, கேத்தில் அடியில இருக்குமே, அதே மாதிரி. மூடியைச் சுத்தி இருக்கிற ரப்பர் சந்துக்குள்ள இளஞ்சிவப்பா ஒரு வழுவழுப்பு, விரலால தொட்டா நுங்குத் தோல் மாதிரி வழுக்குது. இதுக்கு மேலால போன காத்தைத்தான் அம்மா ஒவ்வொரு ராவும் ஏழு மணித்தியாலம் இழுத்துக்கொண்டு படுத்திருக்கா எண்டு நினைக்க நெஞ்சு பதறிட்டுது. அதுக்குப் பிறகு டொக்டரிட்டக் கேட்டு, மெஷின்ட புத்தகத்தை வரிவரியா வாசிச்சு, எங்கட ஊர்த் தண்ணிக்கு எது சரிவருது எண்டு நாலு வருஷமாப் பாத்துப் பழகினதைத்தான் இஞ்ச எழுதுறன். இப்ப திருமலையில கன வீடுகள்ல இந்த மெஷின் இருக்கு, ஆனா கழுவுறதை ஆரும் சொல்லிக் குடுக்கிறதில்ல.

முதல்ல அந்த டாங்க் என்ன செய்யுது எண்டு விளங்கிக்கொண்டா மிச்சம் எல்லாம் லேசு. 1980ல சிட்னியில கொலின் சலிவன் எண்ட டொக்டர் முதல்முதலா இந்த முறையைச் செய்து பாத்தபோது காத்தைத் தள்ளினது மட்டும்தான், ஈரம் எல்லாம் பிறகு வந்தது. வறண்ட காத்தை ராமுழுக்க மூக்குக்குள்ள தள்ளினா மூக்கு அடைக்கும், தொண்டை காயும், சிலருக்கு மூக்கால ரத்தமும் வரும். அதுக்குத்தான் டாங்க். இது தண்ணியைப் புகையாத் தெளிக்கிற சாமான் இல்ல. அடியில ஒரு சூட்டுத்தட்டு இருக்கு, அது தண்ணியை மெதுவாச் சூடாக்குது, தண்ணிக்கு மேலால போற காத்து ஆவியை மட்டும் அள்ளிக்கொண்டு போகுது. இதுல கவனிக்க வேண்டியது என்னெண்டா, ஆவி மட்டும்தான் போகுது, தண்ணியில கரைஞ்சிருந்த சுண்ணாம்பும் உப்பும் டாங்க்குக்குள்ளயே நிக்குது. நீங்க மிச்சத் தண்ணிக்கு மேல புதுத் தண்ணி ஊத்த ஊத்த அந்த உப்பு கூடிக்கொண்டே போகும், உப்பளத்துல நடக்கிறதுதான் டாங்க்குக்குள்ளயும் நடக்குது. அதோட இளஞ்சூட்டுல நிக்கிற பழைய தண்ணி கிருமிக்கு நல்ல வீடு. அதால இந்தக் கட்டுரையில ஒண்டே ஒண்டு மட்டும் மனசுல வைக்கிறதெண்டா இதை வையுங்க: நேத்துத் தண்ணிக்கு மேல இண்டைக்குத் தண்ணி ஊத்தாதீங்க.

சரி, எந்தத் தண்ணி? மெஷின் செய்யிற கன கொம்பனிகள் சொல்றது டிஸ்டில்ட் வோட்டர், அதாவது காய்ச்சி வடிச்ச தண்ணி. அதுல உப்பும் இல்ல, சுண்ணாம்பும் இல்ல. எங்களுக்குத் தெரிஞ்ச பாமசிக்காரர் ஓடர் பண்ணி எடுத்துத் தாறார், ஆறு போத்தலா வாங்கி வைச்சிடுவன். கையில கிடைக்காத நாளுகளும் வரும், அப்ப என்ன செய்யிறது எண்டதுதான் எல்லாரும் கேக்கிற கேள்வி.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலுக்குக் கிட்ட இருக்கிற கிணத்துத் தண்ணி வேண்டாம், வேண்டவே வேண்டாம். கன கிணறுகள் சவர், தேத்தண்ணி போட்டாலே நாக்குல தெரியும். டவுணுக்குக் குழாயில வாறது கந்தளாய்க் குளத்துத் தண்ணி, சுத்திகரிச்சுத்தான் விடுறாங்க, குடிக்கலாம், ஆனா குடிக்கிற தண்ணி வேற மூச்சுக்குப் போற தண்ணி வேற. "கொதிக்க வைச்சு ஆறவிட்டு ஊத்தினா என்ன" எண்டு அம்மாவும் கேட்டா. கொதிக்க வைச்சா கிருமி சாகும், சுண்ணாம்புல ஒரு பங்கு கேத்தில் அடியில படிஞ்சிடும், அதுவரைக்கும் நல்லது. ஆனா கடல் உப்பு கொதிக்க வைச்சாலும் போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் கரிக்கும். நாங்க ஆறு மாசம் செய்த பிழை இதுதான், கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வைச்சிட்டம்தானே எண்டு நிம்மதியா இருந்தம்.

டிஸ்டில்ட் இல்லாட்டி ரெண்டாவது தெரிவு ஆர்ஓ தண்ணி. இப்ப கேனுல நிரப்பித் தாற கடைகள் இருக்கு, உப்பு பெரும்பகுதி கழிஞ்சிருக்கும், ஆனா கேன் எவ்வளவு சுத்தம் எண்டு சொல்ல ஏலாது, அதால வீட்ட கொண்டு வந்து கொதிக்க வைச்சு, மூடி, ஆறவிட்டுத்தான் ஊத்தோணும். மினரல் வோட்டர் எண்டு போத்தல்ல போட்டிருக்கிறது பேர்லயே சொல்லுது, அதுல மினரல் இருக்கு. பெற்றோல் செட்டுல விக்கிற பட்டறித் தண்ணியை சிலர் ஊத்துறாங்க எண்டு கேள்விப்பட்டு பயந்திட்டன். அது உப்பு நீக்கின தண்ணிதான், ஆனா வாகனத்துக்கு எண்டு நிரப்பினது, மனுசன்ட மூச்சுக்கு எண்டு ஆரும் சோதிச்சுப் பாக்கல்ல, அதோட பட்டறி அமிலமும் அதே தட்டுலதான் அடுக்கி இருக்கும், போத்தல் மாறினா என்ன நடக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்ல. மழைத் தண்ணியும் வேண்டாம், கூரையில காகம் இருந்த இடத்தால வாற தண்ணி அது.

எதுவும் இல்லாத ராவுக்கு ஒரு வழி இருக்கு, தண்ணி இல்லாமலே மெஷினைப் போடுங்க. ஈரப்பத செட்டிங்கை ஓஃப் பண்ணிட்டு, வெறும் டாங்க்கை அதுட இடத்துல வைச்சு ஓட விடலாம், கன மெஷின்கள்ல இது சரிவரும், உங்கட மெஷின்ட புத்தகத்துல ஒருக்காப் பாருங்க. விடிய தொண்டை கொஞ்சம் வறண்டிருக்கும். ஒரு ராவு வறண்ட தொண்டை பரவாயில்ல, சவர்த் தண்ணி ஊத்துறதை விட நல்லது. தண்ணி இல்லை எண்டு மெஷினையே போடாமப் படுக்கிறதுதான் எல்லாத்துலயும் மோசம்.

இப்ப காலமை வேலை. அம்மா எழும்பின உடன டாங்க்கை இழுக்காதீங்க, தட்டு சூடா இருக்கும், பத்துப் பதினைஞ்சு நிமிஷம் விடுங்க, முகம் கழுவித் தேத்தண்ணி குடிக்கிற நேரம் போதும். பிறகு டாங்க்கை நேரா, சரிக்காம வெளிய எடுத்து மிச்சத் தண்ணி முழுக்க ஊத்திடுங்க. ரெண்டு சொட்டுத்தான் குறைஞ்சிருந்தாலும் ஊத்திடுங்க, காசு போகுதே எண்டு மனசு சொல்லும், கேக்காதீங்க. குழாயில ஒருக்கா அலசி, மூடியைத் திறந்து, சுத்தமான துவாய்க்கு மேல கவிழ்த்து நிழல்ல வைச்சிடுங்க. பின்னேரம் வரைக்கும் காயட்டும். காஞ்ச டாங்க்குல பாசி புடிக்காது, இந்த ரெண்டு நிமிஷ வேலையை ஒழுங்காச் செய்தா மாசக்கணக்கா அந்த வழுவழுப்பு திரும்ப வராது, எங்கட வீட்டுல வரயில்ல. வெயில்ல வைக்கிறது கூடாது, எங்கட ஊர் வெயிலுக்கு பிளாஸ்டிக் மங்கிப் போய் கெதியா வெடிப்பு விழும். மாஸ்க்ட மூக்குல படுற அந்த மெத்தைப் பகுதியையும் அதே நேரம் ஈரத்துணியால துடைச்சிடுங்க, முகத்து எண்ணெய் படிஞ்சா ராவுல காத்து ஒழுகும்.

கிழமைக்கு ஒருக்கா வடிவாக் கழுவுறது. நான் ஞாயிற்றுக்கிழமை காலமை எண்டு வைச்சிருக்கிறன், ஒரு நாள் எண்டு வைச்சாத்தான் நடக்கும். சுத்தமான பேசின் ஒண்டு, இளஞ்சூட்டுத் தண்ணி, மணம் குறைஞ்ச பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு மூண்டு சொட்டு. மீன் சட்டி கழுவுற பேசினையும் ஸ்பொஞ்சையும் எடுக்காதீங்க, இதுக்கெண்டு தனியா ஒண்டு வையுங்க. டாங்க்கைக் கழட்டக்கூடிய அளவு கழட்டி, பால் போத்தல் கழுவுற மெல்லிய பிரஷ் ஒண்டால மூடி சந்து, ரப்பர் ஓரம், காத்துப் போற துவாரம் எல்லாம் மெதுவாத் தேயுங்க. ரப்பரை நகத்தால கிளப்பாதீங்க, அது நெளிஞ்சா தண்ணி கசியும். கம்பித்தும்பு, சாம்பல், தேங்காய்ப்பொச்சு ஒண்டும் வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், அடுத்த தரம் பாசி அந்தக் கீறலுக்குள்ளதான் குடியிருக்கும்.

சவுக்காரம் முழுக்கப் போற வரைக்கும் அலசோணும், மூணு தரம் நாலு தரம். கடைசியா அலசுறதுக்கு மட்டும் ஒரு அரைக் கப் டிஸ்டில்ட் தண்ணியை உள்ள விட்டுக் குலுக்கி ஊத்துங்க. இது புத்தகத்துல இல்ல, நான் பழகினது. குழாய்த் தண்ணியால அலசிக் காயவிட்டா துளித்துளியா வெள்ளைப் புள்ளி விழும், கடைசி அலசல் நல்ல தண்ணியா இருந்தா டாங்க் கண்ணாடி மாதிரி நிக்கும்.

மெஷின்ல இருந்து மாஸ்க்குக்குக் காத்துப் போற ரியூப்பையும் அதே பேசின்ல போட்டு, உள்ளால சவுக்காரத் தண்ணி ஓடுற மாதிரி ரெண்டு பக்கமும் தூக்கித் தூக்கி ஆட்டி, அலசி, நடுவால மடிச்சுக் கொழுவி ரெண்டு வாயும் கீழ பாக்க விடுங்க. சூடாகிற வயர் இருக்கிற ரியூப் எண்டா தண்ணியில போடலாமோ எண்டு புத்தகத்தைப் பாத்திட்டுச் செய்யுங்க, முழுக்கக் காயாம மாட்டாதீங்க. இஞ்ச இன்னொரு கரைச்சல் எறும்பும் பல்லியும். ஒருநாள் கொழுவின ரியூப்புக்குள்ளால சின்ன எறும்பு வரிசையாப் போறதை நான் கண்ணால கண்டன், அண்டையிலிருந்து ரெண்டு வாயிலயும் மெல்லிய மல் துணித் துண்டு சுத்தி ரப்பர் பாண்ட் போட்டுத்தான் விடுறது. குசினிப் பக்கம் கொழுவாதீங்க, தாளிச்ச மணம் ரியூப்புல ஏறினா ராவு முழுக்க அதுதான் மூக்குல.

வெள்ளைப் படை புடிச்சிட்டா சவுக்காரம் ஒண்டும் செய்யாது, அதுக்கு வினாகிரி. கடையில ரெண்டு விதம் இருக்கு, தென்னங்கள்ளு வினாகிரியும் செயற்கை வினாகிரியும். அச்சாறு போட தென்னை வினாகிரிதான் நல்லம், டாங்க்குக்கு நிறமே இல்லாத வெள்ளை வினாகிரியை எடுங்க, மற்றதுல நிறமும் மண்டியும் இருக்கு. அளவு கொம்பனிக்குக் கொம்பனி வேற. அம்மாட ரெஸ்மெட் ஏயர்சென்ஸ் 10 புத்தகத்துல ஒரு பங்கு வினாகிரிக்கு பத்துப் பங்கு தண்ணி எண்டு இருக்கு, அந்த டாங்க் 380 மில்லிலீற்றர் புடிக்கும், அப்ப கிட்டத்தட்ட 35 மில்லி வினாகிரி விட்டு மிச்சம் தண்ணியால நிரப்பினாச் சரி, ஒரு சின்ன மருந்துக் கோப்பையால அளந்தா கணக்கு லேசு. வேற மெஷின்களுக்கு இதை விடக் கூடச் சொல்லியிருப்பாங்க, உங்கட புத்தகம் சொல்ற அளவுதான் உங்களுக்கு. தடிப்பான படை எண்டா அரை மணித்தியாலம் ஊற விடுங்க, ஊத்தி மெல்லிய பிரஷ்ஷால தேய்ச்சுப் பாருங்க, போகாட்டி திரும்பப் புதுசா ஊற வையுங்க. ரெண்டு தரம் மூண்டு தரம் ஊற வைச்சாலும் பரவாயில்ல, கத்தியால சுரண்டாதீங்க. நான் முதல்தரம் அவசரப்பட்டுக் கரண்டிக் காம்பால சுரண்டி உலோகத்தட்டுல கோடு விழுத்திட்டன், அந்தக் கோட்டுலதான் பிறகு துருப்புள்ளி வந்தது. கடைசியில வினாகிரி மணம் போகும்வரைக்கும் அலசுங்க. தேசிக்காய் புளி நல்லம் எண்டு சிலர் சொல்லுவாங்க, அதுல சக்கையும் இனிப்பும் இருக்கு, சந்துக்குள்ள தங்கினா கிருமிக்குச் சாப்பாடு, விடுங்க.

பிளீச், குளோரின், டெட்டோல், ஸ்பிரிட், மணமுள்ள எண்ணெய், யூக்கலிப்டஸ் தைலம் ஒண்டும் டாங்க்குக்குள்ள போகக்கூடாது. சளி புடிச்சா தண்ணியில ரெண்டு சொட்டுத் தைலம் விடுவமோ எண்டு மாமி கேட்டா, ஆவி புடிக்கிற பழக்கத்துல கேக்கிறது. ஆவி புடிக்கிறது பத்து நிமிஷம், இது ராமுழுக்க நேர நுரையீரலுக்குப் போற காத்து, அந்த எண்ணெய் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும், நெஞ்சையும் எரிக்கும்.

தண்ணியே இல்லாம ஓசோன் வாயுவால சுத்தம் செய்யிற பெட்டி எண்டு ஒன்லைன்ல விக்கிறாங்க. வெளிநாட்டுல இருக்கிற பிள்ளைகள் அன்புல அனுப்பி விடுவாங்க. அமெரிக்காவுல மருந்தையும் மருத்துவச் சாமான்களையும் கண்காணிக்கிற எஃப்டிஏ 2020 பெப்ரவரியில இந்தப் பெட்டிகளைப் பற்றி எச்சரிக்கை விட்டது, ஓசோன் மிச்சம் ரியூப்புக்குள்ள நிண்டா இருமல், மூச்சுக் கஷ்டம் வரலாம் எண்டு. பிறகு 2021 ஜூன்ல பிலிப்ஸ் தங்கட சில சீபாப் மெஷின்களைத் திருப்பி எடுத்தபோதும், உள்ளுக்குள்ள சத்தத்தைக் குறைக்கிற ஸ்பொஞ்ச் உதிர்றதுக்கு ஓசோனும் ஒரு காரணமாகலாம் எண்டு சொன்னாங்க. பழைய மெஷின் ஒண்டு உங்களிட்ட வந்திருந்தா அடியில இருக்கிற சீரியல் நம்பரை அந்த லிஸ்டுல ஒருக்காப் பாக்கச் சொல்லிப் பிள்ளைகளிட்டக் கேளுங்க. ரியூப்புக்குள்ள கறுப்புத் துகள் கண்டா பிறகு பாப்பம் எண்டு விடாதீங்க, டொக்டரிட்டச் சொல்லுங்க.

காலநிலைக்கு வருவம், ஏனெண்டா எங்கட ஊருல ரெண்டு காலமும் ரெண்டு விதம். கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல வெக்கை நெருப்பு, டாங்க்குத் தண்ணி விடியுமுன்னமே முடிஞ்சிடும், அதோட புழுதி. அப்ப ஈரப்பதத்தை ஒரு படி கூட்டலாம், ஆனா தண்ணியை டாங்க்குல போட்டிருக்கிற அளவுக் கோட்டுக்கு மேல ஊத்த ஏலாது. கோடு சும்மா போட்டதில்ல, அதுக்கு மேல போனா தண்ணி ரியூப்புக்குள்ள ஏறும். ஃபில்டரையும் கச்சான் காலத்துல மாசத்துக்கு ஒருக்காப் பாருங்க. வெள்ளைத்துணி மாதிரி இருக்கிறது கழுவுற ஃபில்டர் இல்ல, மங்கிச் சாம்பல் நிறமாப் போனா எறிஞ்சிட்டு வேற போடோணும், நல்லா இருந்தாலும் ஆறு மாசத்துக்கு மேல வைக்காதீங்க.

மாரியில கதை வேற. வாடைக் காத்தும் மழையும், கழுவின டாங்க் பின்னேரம் வரைக்கும் காயவே காயாது. அப்ப ஃபேனுக்குக் கீழ வையுங்க, இல்லாட்டி காகிதத் துவாயால உள்பக்கத்தை ஒத்தி எடுங்க. ஏசி போட்டுப் படுக்கிற வீடுகள்ல இன்னொண்டு நடக்கும், நடுச்சாமத்துல ரியூப்புக்குள்ள கொளகொள எண்டு சத்தம், முகத்துல தண்ணி சொட்டும். மெஷின் பழுது இல்ல அது. சூடான ஈரக் காத்து குளிர்ந்த ரியூப்புல பட்டுத் தண்ணியாகுது, ஐஸ் போட்ட கிளாஸ் வேர்க்கிற மாதிரி. ஈரப்பதத்தை ஒண்டு ரெண்டு படி குறையுங்க, ஏசியை ரெண்டு டிகிரி கூட்டுங்க, ரியூப்பைப் போர்வைக்குள்ளால விடுங்க, இல்லாட்டி துணி உறை தைச்சுப் போடுங்க. அம்மா பழைய பருத்திச் சேலைத் துண்டுல தைச்சுப் போட்டிருக்கிறா, அண்டையிலிருந்து அந்தச் சத்தம் இல்ல. மெஷினைக் கட்டிலை விடப் பதிவான மேசையில வையுங்க, அப்பத்தான் தண்ணி டாங்க் பக்கம் திரும்ப ஓடும், முகத்துக்கு வராது.

பயணம் போகக்க கட்டாயம் டாங்க்கை வெறுமையாக்கிக் கழட்டுங்க. எங்கட மச்சான் ஒருத்தர் ஹபரணை வழியா கொழும்புக்கு வான்ல போகக்க மெஷினைத் தண்ணியோட பையில வைச்சிட்டார், வளைவுகள்ல ஆடி ஆடித் தண்ணி மோட்டருக்குள்ள போயிட்டுது, கிளினிக்குக்குப் போய்ச் சேரக்க மெஷின் ஓன் ஆகவே இல்ல. வீட்டுக்குள்ள மேசை மாத்தினாலும் முதல் டாங்க், பிறகு மெஷின். டாங்க் மெஷினுக்குள்ள இருக்கக்க மேலால தண்ணி ஊத்துறதும் இதே ஆபத்துத்தான், வெளிய எடுத்து நிரப்பி, வெளிப்பக்கத்தைத் துடைச்சிட்டு உள்ள தள்ளுங்க. சூட்டுத்தட்டை ப்ளக் கழட்டி ஆறின பிறகு காஞ்ச துணியால மட்டும் துடையுங்க.

வீட்டுல ஆருக்கும் சளிக் காய்ச்சல் எண்டா அந்த நாட்கள்ல கிழமைக் கழுவலை ஒவ்வொரு நாளும் செய்யுங்க. நல்லாக் கழுவியும் இருமல் விடாம இருந்தா, பச்சைச் சளி, காய்ச்சல் வந்தா, டாங்க்கைக் குறை சொல்லிக்கொண்டு இருக்காம டொக்டரிட்டக் காட்டுங்க, மெஷினைப் பற்றியும் சொல்லுங்க.

டாங்க்கும் ஒருநாள் முடியும். கொம்பனி ஆறு மாசத்துக்கு ஒருக்கா மாத்தச் சொல்லுது, எங்களுக்கு அது கட்டுபடியாகாது, இஞ்ச எடுக்கிறதும் லேசில்ல. நான் பாக்கிறது நாலு விஷயம்: வெளிச்சத்துல புடிச்சா மயிரிழை மாதிரி வெடிப்புத் தெரியுதோ, உலோகத்தட்டுல குழிக்குழியா அரிச்சிருக்கோ, ரப்பர் கட்டியாகி மூடி இறுகாம நிக்குதோ, வினாகிரியில ஊறியும் மணம் போகாம இருக்கோ. இதுல ஒண்டு இருந்தாலும் மாத்திடுங்க. சந்தேகம் எண்டா கோடு வரைக்கும் தண்ணி நிரப்பி, காஞ்ச பேப்பருக்கு மேல அரை மணித்தியாலம் வைச்சுப் பாருங்க, பேப்பர் நனைஞ்சா அந்த டாங்க்கை மெஷினுக்குள்ள வைக்கவே கூடாது. வெளிநாட்டுல இருந்து ஆராவது வரக்க சொக்லேட்டோட சேத்து ஒரு டாங்க்கும் நாலு ஃபில்டரும் கொண்டு வரச் சொல்லுங்க, மெஷின்ட மொடலைப் படம் எடுத்து அனுப்பினாத்தான் சரியானது வரும். ரெண்டு டாங்க் கையில இருந்தா மாரி காலத்துல ஒண்டு காய ஒண்டு ஓடும், எங்கட வீட்டுல இப்ப அப்பிடித்தான்.